வளர்ப்புப் பல்லிகளில் வளர்சிதைமாற்ற எலும்பு நோய்

வளர்சிதைமாற்ற எலும்பு நோய் என்பது கூண்டுகளில் வளர்க்கப்படும் பல்லி, ஓந்தி முதலிய ஊர்வனவற்றின் எலும்புகளை வலுவிழக்கச் செய்யும் குறைபாட்டு நோய்களின் பொதுப்பெயர் ஆகும். உணவில் கால்சியம் குறைதல், பாசுபரசு மிகுதல், உயிர்ச்சத்து டி3 போதாமை ஆகியவை இதன் முதன்மைக் காரணங்கள். சிறுநீரகக் கோளாற்றாலும் இது உண்டாவதுண்டு. இது தொற்றுநோய் அன்று. காட்டில் வாழும் பல்லிகளில் அரிதாகவே காணப்படும் இந்நோய், வளர்ப்பு முறையின் பிழையால் வருவதாகும். ஆகவே பெரும்பாலும் தவிர்க்கக் கூடியது.

நோய் உண்டாகும் முறை

தசை இயக்கத்திற்கும் நரம்புகளின் செயற்பாட்டிற்கும் குருதியில் கால்சியம் குறிப்பிட்ட அளவில் இருந்தாக வேண்டும். அது குறையும்போது பாராதைராய்டு சுரப்பி தூண்டப்பட்டு, எலும்பிலிருந்து கால்சியத்தைக் கரைத்துக் குருதிக்கு அனுப்புகிறது. இந்நிலை நீடித்தால் எலும்பு மென்மையாகி, அதன் இடத்தில் நார்த்திசு வளர்கிறது. இதனால் தொடைகளும் கீழ்த்தாடையும் பருத்துத் தோன்றும். இவ்வீக்கத்தை நல்ல சதைப்பற்று என்று எண்ணி மகிழும் வளர்ப்பவர்களும் உண்டு.

ஒளியின் பங்கு

உணவிலுள்ள கால்சியத்தைக் குடல் உறிஞ்ச உயிர்ச்சத்து டி3 தேவை. ஏறத்தாழ 290 முதல் 315 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள புற ஊதா-பி கதிர்கள் தோலில் படும்போது, அங்குள்ள கொலசுட்டிரால் வகைப் பொருளொன்று முன்-உயிர்ச்சத்தாக மாறுகிறது. அது உடல் வெப்பத்தால் டி3 ஆகி, பின் கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் செயல்வடிவம் பெறுகிறது. எனவே ஒளி இருந்தும் கூண்டு குளிர்ந்திருந்தால் பயன் குறைவே. சாதாரணக் கண்ணாடி இக்கதிர்களைப் பெரும்பாலும் தடுத்துவிடுவதால், மூடிய சன்னலருகே கூண்டை வைப்பதும் போதாது.

மடகாசுகரைச் சேர்ந்த சிறுத்தைப் பச்சோந்திகள், உணவில் டி3 குறைந்தபோது புற ஊதா ஒளியை மிகுதியாக நாடின என்று 2009இல் வெளியான ஆய்வு காட்டியது. கேரி பெர்குசனும் பிறரும் 2010இல் ஊர்வனவற்றை அவை இயற்கையில் பெறும் புற ஊதா அளவின்படி நான்கு மண்டலங்களாகப் பிரித்தனர். விளக்குகளைத் தேர்ந்தெடுக்க இப்பகுப்பு இன்றும் பயன்படுகிறது. ஆத்திரேலியாவின் தாடி ஓந்தியைப் போன்ற பகல் விலங்குகளுக்கு ஒளி இன்றியமையாதது. அவற்றின் குஞ்சுகளுக்கு வாய்வழி தந்த டி3, ஒளி தந்த அளவுக்குக் குருதி நிலையை உயர்த்தவில்லை என 2010இல் மற்றோர் ஆய்வு கண்டது. இரவில் உலவும் சிறுத்தைப் பல்லிக்கு ஒளியே வேண்டாம் என்பது பழைய கருத்து. ஆனால் குறைந்த நேர ஒளியே அதன் குருதியில் உயிர்ச்சத்து டி அளவை உயர்த்தியதாக 2018இல் வெளியான ஆய்வு தெரிவித்தது.

உணவும் துணையூட்டமும்

உணவில் கால்சியம் பாசுபரசைப் போல் ஒன்றரை முதல் இரு மடங்கு இருப்பது நன்று. கடைகளில் கிடைக்கும் சிள்வண்டிலோ இவ்விகிதம் ஏறக்குறைய 1:9 ஆகத் தலைகீழாக உள்ளது. மாவுப்புழு இதனினும் மோசம். பூச்சிகளுக்கு முதலில் கால்சியம் மிகுந்த உணவு தந்தும், இரையாக இடும் முன் கால்சியம் கார்பனேட்டுத் தூளில் புரட்டியும் இக்குறை ஈடுசெய்யப்படுகிறது. அத்தூளின் எடையில் 40 விழுக்காடு கால்சியம் ஆகும். பொடித்த கணவாய் ஓடும் பெரும்பாலும் இதே வேதிப்பொருளே. இலையுண்ணியான பச்சைப் பேரோந்திக்குப் பாலக்கீரையை மிகுதியாகத் தரலாகாது. அதிலுள்ள ஆக்சலேட்டு கால்சியத்தைப் பிணைத்துவிடும்.

விளக்கு இருந்தால் தூள் தேவையில்லை என்பது தவறான எண்ணம். ஒளி டி3ஐ மட்டுமே தரும், கால்சியத்தைத் தராது. மறுபுறம், தோலில் உருவாகும் டி3 அளவு மீறுவதில்லை. மிகையான முன்-உயிர்ச்சத்தை அதே ஒளி வேறு பொருள்களாக மாற்றிவிடுகிறது. வாய்வழி தரும் டி3க்கு இத்தகைய தடை இல்லை. அது மிகுந்தால் குருதிக் குழாய்களிலும் சிறுநீரகத்திலும் சுண்ணாம்பு படிந்து விலங்கு இறக்கலாம். ஆகையால் டி3 கலவாத தூளை அடிக்கடியும், கலந்ததை இடைவெளி விட்டும் தருவது வழக்கம். விளக்கின் புற ஊதா வெளியீடு கண்ணுக்குத் தெரியாமலே காலப்போக்கில் குறையும். அது பளிச்சென்று எரிவதைக் கொண்டு எதையும் முடிவு செய்ய இயலாது.

அறிகுறிகளும் சிகிச்சையும்

சோர்வு, பசியின்மை, விரல்களில் நடுக்கம், உடலைத் தரையிலிருந்து தூக்க இயலாமை ஆகியவை தொடக்க அறிகுறிகள். பின்னர் தாடை இரப்பர் போல் வளையும், சிறு வீழ்ச்சியிலும் எலும்பு முறியும், வலிப்பும் வரலாம். வேகமாக வளரும் குஞ்சுகளும் முட்டையிடும் பெட்டைகளும் எளிதில் பாதிக்கப்படுகின்றன. பெட்டைகளில் முட்டை வெளிவராமல் சிக்கிக்கொள்வதும் உண்டு.

எக்சு-கதிர்ப் படமும் குருதிச் சோதனையும் நோயை உறுதி செய்ய உதவுகின்றன. கால்நடை மருத்துவர் கால்சியம் மருந்தை வாய்வழியாகவோ ஊசியாகவோ தருவார். ஒளி, வெப்பம், உணவு மூன்றும் உடன் சீராக்கப்பட வேண்டும். தேறும் காலத்தில் ஏறுவதற்குரிய கிளைகள் கூண்டிலிருந்து அகற்றப்படும். எலும்பு மீண்டும் உறுதிபெற மாதங்கள் ஆகும். ஏற்கெனவே வளைந்துவிட்ட முதுகும் தாடையும் பெரும்பாலும் நேராவதில்லை.