முன்னால் வரும் வால்

டிரெயிலர் என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பின்னால் இழுபட்டு வருவது என்று பொருள். கரும்புக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு டிராக்டருக்குப் பின்னால் ஆடி ஆடி வருகிறதே, அந்த வண்டிக்கும் அதே பெயர்தான். ஆனால் சினிமாக் கொட்டகையில் டிரெயிலர் முன்னால் வருகிறது. விளக்கை அணைத்ததும், வரப்போகும் படங்களின் துணுக்குகள் ஓடி முடிந்த பிறகே நாம் காசு கொடுத்த படம் தொடங்குகிறது. முன்னால் வருவதற்கு இந்தப் பெயரை யார் வைத்தார்கள்?

வைத்தவர்களைக் குறை சொல்ல முடியாது. அமெரிக்காவில் அது முதலில் வாலாகத்தான் இருந்தது. படத்தின் கடைசியில் ஒட்டி, கதை முடிந்த பிறகு காட்டினார்கள். கதாநாயகனும் நாயகியும் சேர்ந்துவிட்டார்கள் என்று தெரிந்ததும் ஜனங்கள் எழுந்து போய்விட்டார்கள். காலி நாற்காலிகளுக்கு விளம்பரம் காட்டி என்ன பிரயோசனம்? வாலைத் தலைப்பக்கம் கொண்டு வந்தார்கள். பெயர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

அதன் பிறப்பிலும் ஒரு வேடிக்கை உண்டு. 1913ஆம் ஆண்டு நியூயார்க்கில் மார்கஸ் லோ என்பவருடைய கொட்டகைகளுக்கு விளம்பர அதிகாரியாக இருந்தவர் நில்ஸ் கிரான்லண்ட். பிராட்வேயில் அரங்கேற இருந்த 'தி பிளெஷர் சீக்கர்ஸ்' என்ற இசை நாடகத்தின் ஒத்திகையைப் படமெடுத்து, சின்னத் துண்டாக ஆக்கித் தம் கொட்டகைகளில் ஓடவிட்டார். முதல் டிரெயிலர் என்று இதைத்தான் பெரும்பாலும் குறிப்பிடுகிறார்கள். ஆக, சினிமாவின் முதல் டிரெயிலர் சினிமாவுக்காகப் பிறந்ததல்ல, நாடகத்துக்காகப் பிறந்தது!

அதே வருஷக் கடைசியில் சிகாகோவில் செலிக் கம்பெனியார் கேத்லின் என்ற பெண்ணின் சாகசங்களைத் தொடர்படமாக வெளியிட்டார்கள். 'சிகாகோ டிரிப்யூன்' பத்திரிகையில் கதை அச்சாகும். கொட்டகையில் படம் ஓடும். இரண்டும் ஒன்றையொன்று தாங்கிப் பிடித்தன. ஆபத்தின் நடுவில் கதையை நிறுத்தி 'தொடரும்' போடத் தெரிந்த எந்த எழுத்தாளனும், டிரெயிலர் வெட்டுகிறவனுக்குத் தூரத்து உறவினன்தான்.

1919இல் நியூயார்க்கில் 'நேஷனல் ஸ்கிரீன் சர்வீஸ்' என்ற நிறுவனம் தோன்றியது. 1960கள் வரையில் ஹாலிவுட்டின் பெரும்பாலான டிரெயிலர்கள் அங்கிருந்துதான் வந்தன. அவற்றை ஒரு தடவை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். எழுத்துக்கள் நான்கு மூலைகளிலிருந்தும் பாய்ந்து வரும். ஒரு காட்சி அடுத்த காட்சியைத் திரைச்சீலை போல ஓரமாகத் தள்ளும். 'மகத்தான', 'ஈடு இணையற்ற', 'இதுவரை கண்டிராத' என்ற சொற்களுக்குப் பஞ்சமே இராது. சந்தையில் மருந்து விற்கிறவனின் குரலைக் கண்ணால் பார்ப்பது போலிருக்கும்.

அந்தக் கூச்சலுக்கு அடியில் ஒரு நுட்பமான கைத்தொழில் இருந்தது. கணக்கைப் பாருங்கள். 35 மில்லிமீட்டர் படச்சுருளில் ஓர் அடிக்கு 16 பிரேம். விநாடிக்கு 24 பிரேம் ஓடும். ஆகவே நிமிஷத்துக்கு 90 அடி. இரண்டு மணி நேரப் படம் 10,800 அடி. அதிலிருந்து இரண்டரை நிமிஷ டிரெயிலருக்கு வேண்டியது 225 அடிதான். 48 பங்கில் ஒரு பங்கு! 1924இல் வந்த மூவியோலா இயந்திரத்தின் சின்னத் திரையில் சுருளை முன்னும் பின்னும் ஓட்டி, எந்த 225 அடி என்று எடிட்டர் முடிவு செய்வார். ஒரு காட்சியில் பேசிய வசனத்தை இன்னொரு காட்சியின் முகத்தின்மேல் ஏற்றுவார். நடுவில் நடப்பதை முதலில் வைப்பார். பல சமயங்களில் படத்துக்கு இசையே முடிந்திராது. வேறெங்கிருந்தோ இசை கடன் வாங்குவார். படத்தின் கடைசி வெட்டும் முடிந்திராததால், பிற்பாடு கழிபட்டுப்போகும் காட்சியும் டிரெயிலரில் நின்றுவிடுவதுண்டு. இந்தக் கடைசி விஷயத்தை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் கைத்தொழிலின் துணிச்சலைக் காட்ட 2005இல் ஓர் அமெரிக்க இளைஞர் ஒரு விளையாட்டு விளையாடினார். ஸ்டான்லி குப்ரிக்கின் 'தி ஷைனிங்' என்ற 1980ஆம் வருஷப் படம் குலை நடுங்க வைப்பது. அதன் காட்சிகளையே எடுத்து, இனிமையான பாட்டு ஒன்றைச் சேர்த்து, அப்பாவும் பிள்ளையும் அன்பால் இணையும் குடும்பச் சித்திரம் போல ஒரு டிரெயிலர் வெட்டிக் காட்டினார். பார்த்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். துண்டுகள் அத்தனையும் நிஜம். சேர்த்துப் பார்த்தால் முழுப் பொய்.

இதற்கு நேர் எதிரான உதாரணம் 1960இல் வந்த ஹிட்ச்காக்கின் 'சைக்கோ'. ஆறு நிமிஷத்துக்கும் மேற்பட்ட அந்த டிரெயிலரில் கதைக் காட்சி ஒன்றுகூட இல்லை. தொந்தியும் கோட்டுமாக ஹிட்ச்காக் வந்து, வீட்டை விற்க வந்த தரகரைப் போல ஒவ்வோர் அறையாகக் காட்டுகிறார். பயங்கரமான விஷயத்தைச் சொல்லத் தொடங்கிப் பாதியில் விழுங்கிவிடுகிறார். கடைசியில் குளியலறைத் திரையை விலக்குகிறார். ஒரு பெண் அலறுகிறாள். அலறுகிறவர் வேரா மைல்ஸ், தலையில் பொய்முடி. படத்தில் அந்தக் குளியலறையில் இருப்பவரோ ஜேனட் லீ! அங்கே என்ன நடக்கிறது என்பதைப் படம் பார்க்காதவர்களுக்காக நானும் விழுங்கிவிடுகிறேன்.

இருபது வருஷத்துக்கு முன்பே ஆர்சன் வெல்ஸ் இப்படி ஒன்று செய்திருந்தார். 1941இல் வந்த 'சிட்டிசன் கேன்' படத்துக்கான டிரெயிலரில், தாம் திரையில் தோன்றாமல் குரலாக மட்டும் இருந்துகொண்டு, நடிகர்களை ஒவ்வொருவராக அறிமுகப்படுத்தினார். எல்லாரும் கேன் என்ற மனிதரைப் பற்றிப் பேசுகிறார்கள். கேன் மட்டும் கண்ணில் படுவதில்லை. அந்த மனிதர் யார் என்று தெரிந்துகொள்ளாமல் வீட்டுக்குப் போக மனம் வருமா?

பொய் சொன்னால் தண்டனை உண்டா என்ற கேள்வி கோர்ட்டு வரைக்கும் போய்விட்டது. 2019இல் வந்த 'யெஸ்டர்டே' படத்தின் டிரெயிலரில் அனா டி ஆர்மாஸ் என்ற நடிகை தோன்றினார். முடிந்த படத்தில் அவர் இல்லை. அவர் காட்சிகளை வெட்டிவிட்டிருந்தார்கள். அவருக்காகவே இணையத்தில் 3.99 டாலர் வாடகை கொடுத்துப் படம் பார்த்த இரண்டு ரசிகர்கள் வழக்குப் போட்டார்கள். டிரெயிலரும் ஒரு கலைப்படைப்பு, அதற்குப் பேச்சுரிமை உண்டு என்று வாதாடியது கம்பெனி. 2022 டிசம்பரில் நீதிபதி அதை ஒப்பவில்லை. டிரெயிலரில் கற்பனைத் திறன் உண்டுதான். ஆனாலும் அது ஒரு பண்டத்தை விற்க வந்த விளம்பரமே என்றார். கூடவே ஒரு வரம்பும் கட்டினார். ஒரு நடிகையோ காட்சியோ படத்தில் உண்டா இல்லையா என்பதற்கு மட்டுமே இது பொருந்தும். படம் பிடிக்கவில்லை என்கிறவர்களுக்கு அல்ல. கடைசியில் வேறொரு காரணத்தால் 2023இல் வழக்கு தள்ளுபடியாயிற்று.

நீதிபதி சட்டத்தின் அளவுகோலால் அளந்தார். அவர் அப்படித்தான் அளக்க முடியும். கதை எழுதிப் பிழைக்கிறவன் வேறு அளவுகோலையும் எடுத்துப் பார்க்கலாம். 'யெஸ்டர்டே' டிரெயிலரில் வந்த நடிகை, அந்தப் படத்துக்காகவே நடித்தவர். ஆனாலும் இரண்டு பேர் மனம் புண்பட்டுக் கோர்ட்டுக்குப் போனார்கள். 'சைக்கோ' டிரெயிலரில் அலறிய பெண்ணே வேறு, தலைமுடிகூட நிஜமல்ல. ஆனாலும் படம் பார்த்துவிட்டு வெளியே வந்தவர் ஏமாந்தேன் என்று சொல்ல இடமில்லை. அந்த வீட்டில் பயம் இருக்கிறது என்று ஹிட்ச்காக் சொன்னார். உள்ளே போனவர்களுக்குச் சொன்னதற்கு மேலாகவே கிடைத்தது.

எதைக் காட்டினோம் என்பதைவிட, எந்த உணர்ச்சிக்கு வாக்குக் கொடுத்தோம் என்பதே முக்கியம். மேஜை முன் உட்கார்ந்து 10,800 அடியிலிருந்து 225 அடியை நறுக்குகிறவர் கையில் இருப்பது கத்திரிக்கோல் மட்டுமல்ல. இன்னொருவர் எழுதப்போகும் கடன் பத்திரமும்தான். கையெழுத்து அவருடையது, அடைக்க வேண்டியது படம். தொடர்கதையின் வாரக் கடைசியில் 'தொடரும்' என்று எழுதும்போது எங்களுக்கும் அதே கவலைதான். அதிலாவது கடன் வாங்குகிறவனும் அடைக்கிறவனும் ஒரே ஆள். டிரெயிலர் வெட்டுகிறவருக்கு அந்த வசதிகூடக் கிடையாது.