லகுவும் குருவும்: பெயர் நின்றது, அளவு மாறியது

கடிகாரம் இல்லாத காலத்தில் ஓர் ஒலியின் நீளத்தை இசைவாணர் எதைக் கொண்டு அளந்தனர்? இந்தியாவில் அவ்வளவைச் செய்யுள் இலக்கணம் தந்தது.

வடமொழி யாப்பில் குறுகிய அசை லகு. நீண்ட அசை குரு. லகுவுக்கு ஒரு மாத்திரை, குருவுக்கு இரண்டு. தொல்காப்பியமும் குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு என வகுத்து, கண்ணிமைப்பையும் கைந்நொடியையும் மாத்திரையின் அளவாகக் காட்டுகிறது.

நாட்டிய சாத்திரத்தில் இப்பெயர்கள் தாளத்துக்கும் உரியவை. மூன்று மாத்திரை கொண்ட புலுதமும் அங்கே உடன் நிற்கிறது. சச்சத்புடம் என்னும் தாளம் குரு, குரு, லகு, புலுதம் என அமைந்து 2+2+1+3 = 8 மாத்திரை பெறும்.

யாப்பறிஞர் வேறொரு வினாவையும் எழுப்பினர்: குறித்த மாத்திரைகளை லகு, குருக்களால் எத்தனை வகையில் நிரப்பலாம்? ஒரு மாத்திரைக்கு 1 வகை. தொடர்ந்து 2, 3, 5, 8. இறுதி அசை லகுவாயின் எஞ்சுவது ஒரு மாத்திரை குறைந்த அடி. குருவாயின் இரண்டு குறைந்த அடி. ஆகவே ஒவ்வோர் எண்ணும் தனக்கு முந்தைய இரண்டின் கூட்டுத்தொகை. விரகாங்கர் அறிந்திருந்த இவ்விதியை 12ஆம் நூற்றாண்டில் குஜராத்தைச் சேர்ந்த ஹேமசந்திரர் தெளிவுற உரைத்தார். பீசா நகரத்து லியோனார்டோ 1202இல் முயல் கணக்காக எழுதிய பிபனாச்சி எண்கள் இவையே.

இவ்விடத்தில் பெருமிதத்தோடு நின்றுவிடுவது இன்றைய வழக்கம். வரலாறோ மேலும் நடந்தது. 13ஆம் நூற்றாண்டில், யாதவரின் தேவகிரியில் வாழ்ந்த சாரங்கதேவர் சங்கீத ரத்னாகரத்தில் அதே வினாவைத் தாளத்திடம் கேட்டார். அவர் கொண்ட உறுப்புகள் நான்கு: அரை லகுவாகிய துருதம், லகு, குரு, புலுதம். துருதத்தை அலகாகக் கொண்டால் அவற்றின் அளவு 1, 2, 4, 6. கூட்டும் விதியும் அதற்கேற்ப மாறியது. ஒரு புலுதத்தின் நீளத்தை, அதாவது 6 துருதங்களை, 19 வகையில் நிரப்பலாம்.

அவருடைய லகு எழுத்தின் லகுவன்று. ஐந்து குற்றெழுத்துகளை ஒலிக்கும் நேரம் கொண்டது. பெயர் நின்றது, அளவு வளர்ந்தது, லகுவுக்கும் குருவுக்கும் இடையிலான விகிதம் மட்டும் குலையவில்லை.

பின்னாளில் அவ்விகிதமும் தளர்ந்தது. இன்றைய கருநாடக இசையின் ஏழு தாளங்களில் குருவும் புலுதமும் இல்லை. லகு தன் ஜாதிக்கேற்ப 3, 4, 5, 7, 9 அட்சரங்களை ஏற்கிறது. துருதம் எப்போதும் 2. ஆதி தாளத்தின் 4+2+2 என்னும் அமைப்பில் துருதம் லகுவின் பாதியாகவே இருக்கிறது. திசிர ஜாதியில் லகு 3 ஆகும்போது அவ்வுறவு மறைகிறது.

ஆதலால், இன்றைய விரல் எண்ணிக்கையை அளவாகக் கொண்டு சச்சத்புடத்தைப் படிப்பவர் அத்தாளத்தைத் தவறாகவே போடுவார். பழைய நூலின் லகுவை அந்நூலின் குருவோடு ஒப்பிட்டே அளக்க வேண்டும்.