பொங்கோல் கடற்கரைப் படுகொலைத் தலம்

சிங்கப்பூரின் வடகிழக்கில், ஜொகூர் நீரிணையை ஒட்டிய பொங்கோல் முனையில் இத்தலம் உள்ளது. 1942 பிப்ரவரி 28 அன்று 300 முதல் 400 சீனர்கள் இங்கே சுட்டுக் கொல்லப்பட்டனர். சுட்டவர்கள், ஜப்பானிய ராணுவக் காவல்துறையான கெம்பெய்த்தாயின் துணைப்படையினர். அப்பர் சிராங்கூன் சாலையில் வீடு வீடாகச் சோதனை நடத்திப் பிடித்த ஏறத்தாழ 1,000 ஆண்களிலிருந்து இவர்கள் பிரிக்கப்பட்டார்கள்.

பிரிட்டிஷ் படை சரணடைந்து அப்போது இரண்டு வாரம்கூட ஆகவில்லை. பிப்ரவரி 15 அன்று புக்கித் தீமாவிலிருந்த ஃபோர்டு தொழிற்சாலையில் தளபதி பெர்சிவல் ஜெனரல் யமாஷிதாவிடம் சரணடைந்தார். மூன்று நாளில் ‘சுக் சிங்’ எனப்படும் களையெடுப்பு தொடங்கியது. 1937 முதல் சீனாவின் போருக்கு நிதி திரட்டி அனுப்பியவர்கள் என்பதால் சிங்கப்பூர்ச் சீனர்கள்மீது ஜப்பானியருக்குப் பகை இருந்தது. 18 முதல் 50 வயதுக்குட்பட்ட சீன ஆண்கள் சோதனை மையங்களுக்கு வரவழைக்கப்பட்டார்கள். அங்கே விசாரணை என்று எதுவும் முறையாக நடக்கவில்லை. பச்சை குத்தியிருந்தவன் ரகசியக் குழுக்காரன், கண்ணாடி அணிந்தவன் படித்தவன், ஆகவே எதிரி. தப்பியவர்களுக்குத் தாளிலோ, தாள் இல்லாவிட்டால் சட்டையிலோ தோலிலோ முத்திரை குத்தினார்கள். அந்த மை அழியாமலிருக்கக் குளிக்காமல் இருந்தவர்கள் உண்டு. இறந்தோர் ஏறத்தாழ 5,000 பேர் என்பது ஜப்பானியக் கணக்கு. உள்ளூர் மதிப்பீடுகள் 25,000 முதல் 50,000 வரை போகின்றன. 1947-ல் ஏழு அதிகாரிகள் விசாரிக்கப்பட்டு இருவர் தூக்கிலிடப்பட்டனர்.

பொங்கோலில் இன்று கண்ணால் பார்க்க அதிகம் இல்லை. மணல், பாறைகள், படகுத்துறை, எதிரே உபின் தீவு, தேசிய மரபுடைமைக் கழகத்தின் நினைவுப் பலகை, அவ்வளவுதான். போர் முடிந்து பல பத்தாண்டுகளுக்குப் பிறகும் இம்மணலில் மனித எலும்புகள் கிடைத்ததுண்டு. 1997-ல் அறிமுகமான தேசியக் கல்வித் திட்டத்தை ஒட்டிப் பள்ளிகள் நடத்தும் ‘கற்றல் பயணங்களில்’ போர்க்காலத் தலங்களுக்குத் தனி இடம் உண்டு. சாங்கி அருங்காட்சியகத்திலும் ஃபோர்டு தொழிற்சாலையிலும் காட்சிப் பொருள்களே பாதிப் பாடத்தை நடத்திவிடும். பொங்கோலில் முழுச் சுமையும் சொல்பவர்மேல்தான். தயாரிப்பில்லாமல் வந்தால் அது வெறும் கடற்கரை உலா.

லாட்வியாவிலும் இத்தகைய கடற்கரை ஒன்று உண்டு. லீபாயா நகருக்கு அருகே ஷ்கேடே மணல்மேடுகளில் 1941 டிசம்பர் 15 முதல் 17 வரை 2,700-க்கும் மேற்பட்ட யூதர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அங்கே யூதர்களின் ஏழுகிளை விளக்கின் வடிவில் பெரிய நினைவிடம் எழுந்துள்ளது. ரீகாவின் ஆக்கிரமிப்பு அருங்காட்சியகம் சோவியத், நாஜி ஆட்சிகள் இரண்டையும் ஒரே கூரையின்கீழ் காட்டுகிறது. சிங்கப்பூரில் ஆக்கிரமிப்பாளர் ஒருவர்தான். ஆனால் அவர் இனத்துக்கு ஒரு முகம் காட்டினார்.

இந்தியருக்குக் காட்டிய முகத்தைப் பார்க்க வடகிழக்கு ரயில் பாதையே போதும். பொங்கோலில் ஏறினால் ஃபேரர் பார்க், லிட்டில் இந்தியா, தோபி காட் ஆகியவை ஒரே தடத்தில் வருகின்றன. 1942 பிப்ரவரி 17 அன்று, ஃபேரர் பார்க் திடலில் பிரிட்டிஷ் படையிலிருந்த 40,000-க்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்கள் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டார்கள். அங்கேயே இந்திய அதிகாரி மோகன் சிங், பிரிட்டிஷாரை எதிர்த்துப் போரிட இந்திய தேசிய ராணுவத்தில் சேருமாறு அவர்களை அழைத்தார். மறுநாள்தான் சுக் சிங் தொடங்கியது. தோபி காட் நிலையத்துக்கு அருகிலுள்ள கேத்தே கட்டடத்தில், 1943 அக்டோபர் 21 அன்று சுபாஷ் சந்திர போஸ் சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசை அறிவித்தார். இந்திய தேசிய ராணுவத்தின் பெண்கள் பிரிவான ஜான்சிராணி படையில் மலாயாத் தோட்டத் தமிழ்ப் பெண்கள் திரளாகச் சேர்ந்தார்கள்.

பொங்கோலோடு திரும்பிவிடும் பயணம் இந்தக் கதையைத் தவறவிடுகிறது. ஃபேரர் பார்க்கில் மட்டும் நிற்பதும் அதே குறைதான். இந்தியருக்கு நண்பர் வேடம் போட்ட அதே ராணுவம் மலாயாத் தோட்டங்களின் தமிழ்த் தொழிலாளர்களைச் சயாம்–பர்மா ரயில் பாதைக்கு அள்ளிச் சென்றது. காலராவிலும் பட்டினியிலும் அவர்களில் ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். தமிழ் மாணவர்களை அழைத்து வரும் ஆசிரியர், போஸின் அறிவிப்போடு இதையும் ஃபேரர் பார்க் திடலில் வைத்துச் சொல்லவேண்டும்.