நூற்றுக்கு ஐந்து

ஈப்போவைச் சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த தமிழர், தம் பாட்டன்மார் கப்பலேறி வந்த கதையைக் கேட்டிருப்பர். அவர்களைக் கப்பல் துறைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த ரயிலின் கதையைக் கேட்டவர் சிலரே. பேராக்கின் முதல் இருப்புப்பாதை 1885-ல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு இடப்பட்டது. அதை இட்டது சர்க்கார்; லாபநஷ்டமும் சர்க்காருடையதே. நாகப்பட்டினத்து ரயிலோ லண்டன் முதலாளிகளின் சொத்து.

1853-ல் அவர்கள் கூட்டிய கிரேட் சதர்ன் ஆப் இந்தியா என்னும் கம்பெனி, 1861-ல் நாகையிலிருந்து தஞ்சைக்கும், மறு வருஷம் திருச்சிக்கும் வண்டி விட்டது. போட்ட மூலதனத்துக்கு வருஷந்தோறும் நூற்றுக்கு ஐந்து வட்டி நிச்சயமென்று சர்க்கார் உத்தரவாதம் தந்திருந்தது. வரும்படி குறைந்தால் குறைந்ததைக் கஜானா ஈடுகட்டும். கஜானாவுக்குப் பணம் ஏது? நிலவரியும் உப்புவரியும் கொடுத்த குடியானவனுடையதுதான்! எவ்வளவு செலவிட்டாலும் வட்டி வந்துசேருமென்றால், சிக்கனம் பார்க்கக் கம்பெனிக்கு என்ன பைத்தியமா? இதற்குத் தனியார் முயற்சி என்று பெயர்.

1874-ல் கர்நாடிக் ரயில்வேயும் இதனுடன் சேர்ந்து, தென்னிந்திய ரயில்வே கம்பெனி ஆயிற்று. 1890-ல் பாதையைச் சர்க்காரே விலைக்கு வாங்கியது. ஆனால் வண்டி ஓட்டும் உரிமை, அதே பெயரில் புதிதாய் அமைந்த கம்பெனிக்கே போயிற்று. பாதை ஊராருடையது, நடத்துவது லண்டன்!

நிற்க. 1907-ல் மலாயாவில் தோட்டமுதலாளிகளிடம் வசூலித்து ஏற்பட்ட குடியேற்ற நிதி, கூலியாளின் கப்பல் செலவோடு ரயில் கட்டணத்தையும் கொடுத்தது. கிராமத்திலிருந்து நாகைக்கு வந்த மூன்றாம் வகுப்புப் பிரயாணியின் காசுக்குச் சாதியில்லை. ரயில் நிலையத்து உணவுச்சாலையில் மட்டும் சாதி உண்டு. பிராமணருக்கு ஓரிடம், மற்றவருக்கு வேறிடம். பெரியார் முதலியோர் கிளர்ச்சி செய்து, 1941-ல்தான் அவ்வழக்கம் ஒழிந்தது.

தொழிலாளியைக் கம்பெனி நடத்திய விதத்தை 1928 காட்டிற்று. நாகைப் பட்டறையைப் பொன்மலைக்கு மாற்றி ஆட்குறைப்பில் இறங்கவே, பெரும் வேலைநிறுத்தம் மூண்டது. சிங்காரவேலர் முதலியோர் சிறை புகுந்தனர். முதலுக்கு உத்தரவாதம் எழுதிக்கொடுத்த சர்க்கார், வேலைக்கு உத்தரவாதம் கேட்டவரைக் கூண்டில் ஏற்றியது.

மலாயாவுக்கு நிதியுதவியுடன் கூலியாட்களை அனுப்புவதை 1938-ல் இந்திய சர்க்கார் தடுத்தது. 1944 ஏப்ரல் 1-ல் ரயிலின் நிர்வாகத்தையும் அதுவே ஏற்றது. அப்போது பேராக் ஜப்பானியர் வசமிருந்தது. நாகைக்குக் கப்பலும் இல்லை.