எண்ணமும் மொழியும்

ரமணருக்கு 1907-ஆம் ஆண்டில் திருவண்ணாமலையில் ‘மகரிஷி’ என்னும் பெயரைச் சூட்டியவர் காவ்யகண்ட கணபதி முனிவர். அவருடைய தாய்மொழி தெலுங்கு. ஆயினும், 1900-இல் நவத்வீபத்துப் பண்டிதர் அவையில் நொடிப்பொழுதில் வடமொழிச் செய்யுள் இயற்றியே ‘காவ்யகண்டர்’ எனும் பட்டம் பெற்றார். தெலுங்கில் எண்ணி வடமொழியில் பெயர்க்க ஆசுகவிக்கு அவகாசமேது? எண்ணமே அம்மொழியில் பிறந்தாக வேண்டும். பின்னாளில் ரமணரின் விடைகளை 300 சுலோகங்களில் ‘ரமண கீதை’யாக்கியதும் அப்புலமையே.

மதரஸாக்களில் ஸர்பும் நஹ்வும் ஆண்டுக்கணக்கில் ஓதியும், அரபியில் நான்கு வாக்கியம் பேசத் தயங்குவோரை நாம் காண்கிறோம். குறை இலக்கணத்தில் இல்லை. தமிழில் எண்ணி அரபியில் சொல் தேடுவதில் உள்ளது. அன்றாடச் சிறு செயல்களையேனும் கற்கும் மொழியிலேயே எண்ணிப் பழகுவோமாக! நா தானே எழும்.