அடைப்புக்குறிக்குள் ஆண்டு: ‘ஹார்வர்டு முறை’யின் தோற்றம் குறித்துச் சில ஐயங்கள்

ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் அடைப்புக்குறிக்குள் இட்டு, முழு விவரத்தைக் கட்டுரையின் இறுதிப் பட்டியலில் தரும் மேற்கோள் முறைக்கு ஹார்வர்டு முறை என்று பெயர். அதன் தோற்றம் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் ஒரே கட்டுரையைச் சான்று காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். 1988இல் எலி செர்னின் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ இதழில் எழுதிய சிறு கட்டுரை அது. புதிர் விலகிவிட்டதாகத் தலைப்பிலேயே அறிவிக்கும் அக்கட்டுரையின் உழைப்பை மதிக்கிறேன். முடிவை முழுதாக ஏற்க இயலவில்லை. முறை எங்கிருந்து வந்தது, பெயர் எங்கிருந்து வந்தது என்னும் இரு கேள்விகளில் முதலாவதற்கு மட்டுமே, அதுவும் பாதி அளவில்தான், செர்னினிடம் விடை இருக்கிறது.

அவருடைய வாதத்துக்கு மூன்று தூண்கள். ஹார்வர்டு விலங்கியலாளர் எட்வர்ட் லாரன்ஸ் மார்க், தோட்டத்து ஓடில்லா நத்தை ஒன்றின் கருவளர்ச்சி குறித்து 1881இல் ஒப்பீட்டு விலங்கியல் அருங்காட்சியகத்தின் வெளியீட்டில் நீண்ட ஆய்வொன்றை அச்சிட்டார். அதன் 194ஆம் பக்கத்தில் ஆசிரியர்-ஆண்டு மேற்கோள் அடைப்புக்குறிக்குள் வருகிறது. இன்றுவரை தெரியவந்துள்ளவற்றில் இதுவே முதலாவது. அதற்கு முன்பெல்லாம் உடுக்குறியும் குத்துவாள் குறியும் இட்டு, இதழுக்கு இதழ் மாறும் அடிக்குறிப்புகளே வழக்கு. இரண்டாவது தூண், மார்க்கின் மாணவர்கள் 140 பேர் சேர்ந்து 1903இல் அவருக்குச் சமர்ப்பித்த பாராட்டு மலர். மூன்றாவது ஓர் ஊகம்: அருங்காட்சியக நூலகத்தின் அட்டவணை முறையைப் பார்த்து மார்க் இதைக் கையாண்டிருக்கலாம் என்பது.

முதல் தூணில்தான் நான் நின்று பார்க்க விரும்புகிறேன். 194ஆம் பக்கத்தில் மார்க் அடைப்புக்குறியை இட்டதோடு விடவில்லை. வாசகருக்குப் பழக்கமில்லாத ஒன்று என்பதால் ஓர் அடிக்குறிப்பில் விளக்கமும் தருகிறார். ஆசிரியர் பெயரை அடுத்து வரும் எண்ணுக்கு இரண்டு வேலைகள் உண்டு என்கிறார். ஒன்று, நூல்களின் தலைப்புகள் அடங்கிய இறுதிப் பட்டியலுக்கு வாசகரை அனுப்புவது. மற்றொன்று, குறிப்பிட்ட ஆய்வு ஏறத்தாழ எக்காலத்தது என்பதை அந்த இடத்திலேயே தெரிவிப்பது. செர்னின் இக்குறிப்பை முதன்மைக்கான சான்றாக மட்டும் எடுத்துக்கொள்கிறார். அது சொல்லும் வரிசை அவர் கவனத்தைப் பெறவில்லை. மார்க்குக்கு அந்த எண் முதலில் ஒரு சுட்டி. காலக் குறிப்பாக இருப்பது இரண்டாவது பயன், அதுவும் தோராயமாக.

ஏன் தோராயமாக? மார்க் விலங்கியலாளர் என்பதை நினைத்தால் விளங்கும். ஓர் உயிரினத்துக்கு இருவர் பெயர் வைத்திருந்தால் முதலில் அச்சில் வந்த பெயரே நிற்கும் என்பது அத்துறையின் அடிப்படை விதி. ஆகவே அச்சேறிய காலம் எவ்வளவு வழுக்கலானது என்று வேறு எவரையும்விட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். பகுதி பகுதியாக வெளிவந்த தொகுதிகளில் முகப்பு ஓர் ஆண்டைச் சொல்லும், இதழ் வாசகர் கைக்கு வந்தது மற்றோர் ஆண்டாக இருக்கும். அப்படிப்பட்ட சூழலில் எழுதியவர் தம் எண்ணைக் காலத்தின் சாட்சியாக முன்வைக்கத் தயங்கியது இயல்பு. பிற்காலத்தார் அந்தத் தயக்கத்தை உதறிவிட்டார்கள். இடைக்கால உரையாசிரியர் இளம்பூரணர் பெயருக்குப் பக்கத்தில் பதிப்பாண்டான இருபதாம் நூற்றாண்டு ஆண்டை எழுதச் சொல்லி நம் ஆய்வு மாணவர்களை இன்றைய நடைமுறை வற்புறுத்துவதும், அதைப் பார்த்து அவர்கள் நெளிவதும் இதன் விளைவுதான். மார்க்கின் அடிக்குறிப்பைப் படித்தவருக்கு அங்கே முரண் எதுவும் தோன்றாது. அது பட்டியலுக்கான சுட்டி, அவ்வளவே.

சுட்டியே முதன்மை என்பதற்கு ஆய்வின் உருவமும் துணை நிற்கிறது. 173ஆம் பக்கத்தில் தொடங்கி 625இல் முடியும் ஆய்வு அது. ஒரே நூலை நூறு இடங்களில் சுட்ட நேரும்போது, பக்கந்தோறும் அடியில் முழு விவரத்தைத் திரும்பத் திரும்ப அச்சுக் கோப்பது ஆகிற காரியமல்ல. பட்டியல் ஓரிடத்தில் இருந்தாக வேண்டும். உரைக்கும் அதற்கும் இடையே ஒரு கயிறு வேண்டும். மார்க்கின் புதுமை அந்தக் கயிறுதான், அடைப்புக்குறி அல்ல. பாராட்டு மலரும் இதைத்தான் சொல்கிறது: மேற்கோளில் முழுமையையும் துல்லியத்தையும், உரையிலிருந்து பட்டியலுக்குச் செல்லும் சீரான வழியையும் விலங்கியலில் கொண்டுவந்தவர் என்று அவரைப் புகழ்கிறது. விலங்கியலில் என்னும் எல்லையையும் கவனிக்க வேண்டும். அறிவுலகம் முழுமைக்கும் என்று மாணவர்கள்கூட உரிமை கோரவில்லை.

இனி நூலக அட்டவணை ஊகம். அட்டவணையைத் தேடிப் போகும் முன் ஆய்வின் தலைப்பைப் பார்க்கலாமே. நத்தையின் பெயரை மார்க் ‘லிமாக்ஸ் காம்பெஸ்ட்ரிஸ், பின்னி’ என்று எழுதுகிறார். பின்னி என்பது அவ்வினத்தை விவரித்துப் பெயரிட்டவரின் பெயர். உயிரினப் பெயரை அடுத்து ஆசிரியர் பெயரைச் சுருக்கமாக நிறுத்தி, முழு விவரத்தை வாசகர் வேறிடத்தில் தேடிக்கொள்ள விடுவது விலங்கியலாரின் நெடுங்காலப் பழக்கம். ஒவ்வொரு நாளும் கை எழுதிப் பழகிய வடிவம் ஒன்று இருக்கையில், அலமாரிக்குப் போய் மாதிரி எடுக்க வேண்டிய தேவை என்ன? என் கருத்தில் இந்தப் பழக்கமே நெருக்கமான மூலம்.

ஆனால் அடைப்புக்குறியை இது விளக்காது. இன்று அதே நத்தை ‘டெரோசெராஸ் லீவே (முல்லர், 1774)’ என்னும் இனத்தோடு சேர்க்கப்படுகிறது. அங்கே அடைப்புக்குறிக்குப் பொருளே வேறு: முல்லர் வைத்த பேரினத்திலிருந்து அது பின்னர் வேறு பேரினத்துக்கு மாற்றப்பட்டது என்பது. ஆக, என்னுடையதும் ஊகந்தான். செர்னினுடையதைவிட ஒரு படி அருகில் இருக்கும் ஊகம் என்பேன்.

பெயருக்கு வந்தால் நிலம் இன்னும் மெலிகிறது. வான்கூவர் முறைக்கு இந்தத் தொல்லை இல்லை; 1978இல் மருத்துவ இதழ் ஆசிரியர்கள் அந்நகரில் கூடினார்கள், 1979இல் விதிகள் வெளிவந்தன, ஊர்ப்பெயர் ஒட்டிக்கொண்டது. ஹார்வர்டு விஷயத்தில் நமக்கு இருப்பது ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ 1945இல் வெளியிட்ட ஓர் ஆசிரியர் குறிப்பு. ஹார்வர்டு நூலகத்துக்குப் போன ஆங்கிலேயர் ஒருவர் அங்குள்ள முறையைக் கண்டு வியந்து, ஊர் திரும்பியதும் அப்பெயரால் அழைக்கத் தொடங்கினாராம். பயணியின் பெயரில்லை, பயணத்தின் ஆண்டில்லை. இக்கதையிலும் நூலகம், செர்னினின் ஊகத்திலும் நூலகம். இரண்டும் ஒன்றையொன்று உறுதிப்படுத்துவதாகத் தோன்றலாம். எனக்கோ அவற்றைத் தனித்தனிச் சாட்சிகளாகக் கொள்ளவே தயக்கம். 1945இன் கதை காதில் விழுந்த பிறகு எவருக்கும் அட்டவணை நினைவுக்கு வருவது எளிது.

அக்குறிப்பிலிருந்து உறுதியாகப் பெறக்கூடியது ஒன்றுண்டு: 1945க்குள் பிரிட்டனில் இப்பெயர் விளக்கம் கேட்கும் அளவுக்குப் புழங்கியிருக்கிறது. அதுவே பின்னெல்லை. முன்னெல்லையாக 1881ஐ வைப்பது பெயரளவுக்குத்தான். 1903இன் புகழுரை மார்க்கைச் சொல்கிறதே தவிர பல்கலைக்கழகத்தின் பெயரால் ஒரு முறையைச் சொல்லவில்லை என்பதால், பெயர் அதற்குப் பிந்தையது என்று கொள்ளவே எனக்கு விருப்பம். இடைப்பட்ட நாற்பது ஆண்டுகளைச் சுருக்கப் பிரிட்டிஷ் இதழ்கள் கட்டுரையாளர்களுக்கு அச்சிட்ட அறிவுரைகளைத் தேட வேண்டும். அவற்றைப் பல இதழ்கள் மேலட்டையின் உட்புறத்தில் அச்சிட்டன. ஆண்டுத் தொகுதியாகப் பைண்டிங் செய்யும்போது அட்டைகளைக் கழற்றிவிடுவது நூலகங்களின் வழக்கம். எனவே தொகுதிகளை மட்டும் புரட்டி முடிவுக்கு வர இயலாது. கட்டப்படாத தனி இதழ்கள் எஞ்சியிருக்கும் சேகரங்களில்தான் தேடலைத் தொடங்க வேண்டியிருக்கும்.