மணல்மேல் அடித்தளம்: கட்டுநர் மொழியில் புதுமை

மரபை மீறினேன் என்று கவிஞன் கூறிக்கொள்வதில் இழுக்கில்லை. கட்டடத் தொழிலோர் அவ்வாறு கூறுவது அரிது. கவிதை பிழைத்தால் படிப்பவர் ஏட்டை மூடிவிடலாம். அணை பிழைத்தால் ஊர் மூழ்கும். ஆதலின், புதிதாக ஒன்றைச் செய்தோரும் அதனைப் பழையதன் திருத்தம் என்றோ பிறரிடம் கற்ற பாடம் என்றோ கூறுவதையே பெரிதும் விரும்பினர். காவிரியில் 19-ஆம் நூற்றாண்டில் நடைபெற்ற அணைப்பணிகள் இதற்குத் தக்க சான்று.

கரிகாலன் கட்டியதென மரபு கூறும் கல்லணை, ஏறத்தாழ 1,080 அடி நீளமும் 40 முதல் 60 அடி வரை அகலமும் கொண்டு, பாம்பென வளைந்து கிடந்தது. அதனைக் கட்டியோர் பாறையைத் தேடி ஆழத் தோண்டவில்லை. ஆற்றிலே பெருங்கற்களை இட்டனர். அவை மணலில் புதைந்தன. அவற்றின்மேல் மேலும் கற்களை இட்டனர். புதைவது நின்ற இடமே அடித்தளமாயிற்று. இடைவெளிகளைக் களிமண் நிரப்பிற்று. 'கற்சிறை' என்னும் சொல் தொல்காப்பியப் புறத்திணையியலிலேயே வருகிறது. நீரை அடக்கி நிற்கும் கல்லைச் 'சிறை' என்று அழைத்த மக்களுக்கு இத்தொழில் புதிதன்று.

காவிரி மணலால் மேடிட, நீர் கொள்ளிடத்தில் பாய்ந்து வீணாயிற்று. 1804-இல் கேப்டன் கால்டுவெல் (மொழிநூல் வல்லுநரான கால்டுவெல் அல்லர், இவர் வேறொருவர்) கல்லணையின்மீது கற்களை நட்டு உயர்த்தினார். அதுவும் போதவில்லை. 1836-இல் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டத் தொடங்கினார். ஆழம் தெரியாத மணலில் அணை எழுப்புவது ஆங்கிலப் பொறியாளர்க்குப் புதுமையே. ஆயினும் காட்டன் அதனைத் தம் கண்டுபிடிப்பு என்று கொண்டாடவில்லை. தளர்மணலில் அடித்தளமிடும் வகையை இந்நாட்டாரிடமிருந்தே கற்றதாகவும், சென்னை மாகாண நீர்ப்பாசனப் பணிகளின் வெற்றிக்கு அதுவே காரணம் என்றும் பின்னாளில் எழுதினார். கோதாவரியில் 1847 முதல் 1852 வரை எழுந்த தவளேசுவரம் அணைக்கும் அப்பாடமே துணைநின்றது.

காட்டனின் நேர்மை போற்றத்தக்கதே. எனினும் அவ்வுரையில் ஒரு கொத்தரின் பெயரேனும் இல்லை. கற்றுக்கொண்டவர்க்குப் பெயருண்டு, கற்பித்தவர் 'இந்நாட்டார்' என்னும் பொதுச்சொல்லில் அடங்கிவிட்டனர். கல்லணையருகே கரிகாலனுக்குச் சிலை நிற்கிறது. கோதாவரிக் கரையில் காட்டனுக்குச் சிலைகள் நிற்கின்றன. கல் சுமந்து, அது எவ்வளவு புதைந்தது என்று அளந்து நின்றவனுக்கு எங்கும் சிலையில்லை. அடக்கமான பேச்சும் ஒருவகையில் மறதிக்குத் துணைபோகும் என்பதை வரலாற்றாசிரியர் பலர் கருதிப் பார்ப்பதில்லை.

மேலணையும் முதலிலேயே சரியாக அமைந்துவிடவில்லை. காவிரிக்கு மிகுதியான நீர் வரவே, பின்வந்த ஆண்டுகளில் மேலும் திருத்தங்கள் தேவைப்பட்டன. அவற்றையும் எவரும் புதுமை என்று கூறவில்லை.

2018 ஆகஸ்டு 22 இரவு, வெள்ளத்தில் மேலணையின் 9 மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. அருகில் புதிய கதவணை பின்னர் எழுந்தது. இடிந்ததற்கு அணையின் முதுமையை ஆட்சியாளர் காரணம் காட்டினர். ஆற்றில் மணல் அள்ளியதே காரணம் என்றனர் பிறர். காட்டனுக்குப் பாடம் சொன்ன கொத்தர் இருந்திருப்பின், முதலில் மணலைத்தான் பார்த்திருப்பர்.